பழுதுபார்ப்பவர்களின் தீர்ப்பு

விளையாட்டுச் சாமான்களைப் பழுதுபார்க்கும் கடையை நடத்திய மாமனாரும் மருமகனும் ஒருநாளும் மைதானத்தில் கால்வைத்ததில்லை. ஆயினும், எது மிகக் கடினமான விளையாட்டு என்பதில் இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

“பேட்மிண்டன்தான் மாமா கஷ்டம். எத்தனை நரம்பு இழுத்துக் கட்டணும்!” என்றார் மருமகன், மட்டையை மடியில் வைத்தபடி.

“அட போங்க மாப்ளே! ஃபுட்பால்ல முப்பத்திரண்டு துண்டு. தைச்சுப் பாருங்க, விரல் கழண்டுடும்.”

“அண்ணே, பத்து நிமிஷத்துல எனக்கு ஃபைனல்!” என்று கெஞ்சினாள் மட்டைக்கு உரியவள்.

ஒருவழியாகக் கடைசி முடிச்சு விழுந்தது. அவள் மட்டையைப் பறித்துக்கொண்டு, “அப்போ எதுதான் சுலபம்?” என்று சீறினாள்.

“ஓட்டப்பந்தயம்,” என்றனர் இருவரும் ஒரே குரலில். “அதுல ரிப்பேர் பண்ண ஒண்ணுமே இல்லையே!”

மைதானம் ஆறு தெரு தள்ளி இருந்தது. அவள் ஓடத் தொடங்கினாள்.