ஈயத்தாள் பூ

இராமையாவுக்கு மனிதர்களில் இரண்டே வகைதான். பிடிபட்டவர்கள், இன்னும் பிடிபடாதவர்கள். இலங்கை மலைநாட்டில், லுணுகலை டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் வாசலில் காவல் நின்ற மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்? கொழுந்தை வாட்டி, அரைத்து, தூளாக்கி மூட்டை கட்டும் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். வேலை விட்டு வரும் பெண்கள் அவர் முன்னால் வரிசையாக நின்று பையைத் திறக்க வேண்டும். சாப்பாட்டு டப்பாவைத் தலைகீழாகத் தட்ட வேண்டும். முந்தானையை உதற வேண்டும். ஒரு சிட்டிகைத் தூள் விழுந்தாலும் பேர் ஸ்டோரின் அதிகாரியான டீமேக்கரிடம் போய்விடும்.

அந்த வரிசையில் அவருடைய மனைவி தனலெட்சுமியும் நிற்பாள். கல்யாணமான புதிதில், "பொண்டாட்டின்னா சும்மா விட்டுருவாரு" என்று யாரோ முணுமுணுத்தது இராமையாவின் காதில் விழுந்தது. மறுநாள் எல்லோரையும் ஒரு தடவை உதறச் சொன்னவர், அவளை மட்டும் இரண்டு தடவை உதறச் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு எப்போதுமே இரண்டு தடவைதான். இதைப் பெரிய நியாயமாக நினைத்து, சாராயக் கடையில்கூட நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு ஓய்வு வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மாதம் முப்பதாம் தேதி கடைசி நாள். 'ராமையா காவலில் ஒரு துரும்பு வெளியே போனதில்லை' என்ற பேரோடு இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அந்த நேரம் பார்த்து டீமேக்கர் கூப்பிட்டனுப்பினார்.

"ராமையா, ஆறு சாக்கு கொறையுது."

தூள் கட்டுவது தடித்த கடதாசிச் சாக்கில். உள்ளே வெள்ளி மாதிரி மினுங்கும் தாள் ஒட்டியிருக்கும். அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டியில் இருந்த ஈயத்தாள் என்ற பேரே இதற்கும் நிலைத்துவிட்டது. கிழிந்த சாக்கை அடுப்பில் போட்டு எரித்துவிட வேண்டும் என்பது சட்டம். சாக்கில் தோட்டத்து முத்திரை இருக்கிறதே, எவனாவது குப்பைத் தூளை அதில் நிரப்பி நல்ல தூள் என்று விற்றுவிட்டால்? அப்படி எரிக்க வைத்திருந்த கிழிசல் சாக்கில்தான் ஆறு காணவில்லை.

"போற நேரத்துல இது உங்க தலையில விடியப் போகுது. மாசக் கடைசிக்குள்ள யாருன்னு கண்டுபிடிங்க. இல்லாட்டி தோட்டத்துத் தொரைக்கு எழுதித்தான் ஆகணும்," என்றார் டீமேக்கர்.

இராமையாவுக்கு முதலில் ஞாபகம் வந்த பேர் சிவசக்தி. பொதி கட்டும் அறையில் சாக்கின் வாயைத் தைக்கிறவள். கைவேலைக்காரி. நாம் தூக்கிப் போட்டதை எடுத்துக்கொண்டு போவாள், நாலு நாளில் அது அவள் வீட்டு அலுமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். முட்டை அட்டையில் ரோசாப்பூ. சோடாப் போத்தலின் அடியை வெட்டிச் சின்ன விளக்கு. டொபித் தாளைக் கோத்து வாசலுக்குத் திரை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் கோதுமை மாவில் பசை காய்ச்சிக்கொண்டு போய்விடுவாள். கடையில் ஒரு பலூன் வாங்கும் செலவில் அந்த ஒற்றை அறைக் காம்பிரா முழுவதையும் கல்யாண வீடாக்கிவிட்டு வருவாள். போன தீபாவளிக்கு ஒரு சவர்க்காரக் கட்டியில் ரிபன் சுற்றி, குண்டூசி குத்தி, அன்னப்பட்சி செய்து தனலெட்சுமிக்குக் கொடுத்தாள். அதை இராமையா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அழகைப் பார்க்கிறார் என்று தனலெட்சுமி நினைத்தாள். அவர் பார்த்தது ரிபன் எங்கிருந்து வந்திருக்கும் என்று. ஒன்றுமில்லாததிலிருந்து எதுவும் வராது, எங்கிருந்தோ எடுத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அடுத்த நாளிலிருந்து சிவசக்தியின் பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார். ஒரு சீப்பு, ஒரு பனடோல் அட்டை, தின்று மிச்சம் வைத்த பாதி பணிஸ். அதற்கு மேல் ஒன்றும் விழவில்லை. ஆனால் சந்தேகம் என்பது ஒருமுறை வந்து குந்திவிட்டால் எழுந்து போகிற விருந்தாளி இல்லையே. பார்க்கிற இடமெல்லாம் அவருக்குக் கள்ளத்தனமாகவே பட்டது. பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள், இவர் தலையைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். பின்னல் போட்டு வந்தவர்கள்கூடப் பெரிய கொண்டையாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஏதோ டிவி நாடகத்தைப் பார்த்து ஆடுகிறார்கள் என்று அதை மட்டும் விட்டுவிட்டார்.

வீட்டிலும் சரியில்லை. வெறும் வாயால் கூப்பிட்டாலே ஓடி வருகிற தனலெட்சுமி, இவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எதையோ கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கட்டைவிரலில் புதிதாக ஒரு வெட்டுக்காயம்.

"கையில என்ன?"

"கத்தி பட்டுருச்சி."

"எந்தக் கத்தி?"

"வூட்டுல எத்தன கத்தி இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

இராமையாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. சொந்த வீட்டுக்குள்ளேயே திருட்டா? ஊருக்கெல்லாம் காவல் நின்று, கடைசியில் பெண்டாட்டி பேரையா எழுதிக் கொடுக்க வேண்டிவரும்? எழுதினால் அவள் வேலை போகும். எழுதாவிட்டால் இவர் பேர் போகும். அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

சாக்கு போனால் லுணுகலைக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினார். தூள் வாங்கி விற்கிற கடைகளை எதிர்ப்பக்கத்தில் நின்று நோட்டம் பார்த்தார். யாரும் சிக்கவில்லை. வெயில் ஏறியதும் மொஹிதீன் கடையில் ஒதுங்கினார். வளையல், நூல், பாடசாலைக் கொப்பி என்று கலந்து விற்கிற சின்னக் கடை.

"வாங்க ராமையாண்ணே," என்றார் மொஹிதீன். "வூட்டம்மாவுக்கு அந்தக் கம்பி போதுமா இருந்திச்சா? இன்னும் ரெண்டு சுருள் வந்திருக்கு."

"என்ன கம்பி?"

"பூக்கட்டுற கம்பி. சிவசக்தியும் அவங்களுமா வந்து வாங்கிட்டுப் போனாங்களே. பச்ச டேப்பும் கேட்டாங்க, வெலயச் சொன்னதும் வேணாம், பழைய கொடச் சீலைய வெட்டிச் சுத்திக்கிறோம்னுட்டாங்க. ஒங்க வூட்டம்மா கெட்டிக்காரி."

மொஹிதீன் வரவழைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் இராமையா திரும்பினார்.

வீட்டுக்கு வந்தபோது தனலெட்சுமி துணி துவைக்கத் தண்ணீர்ப் பீலிக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தார். பிஸ்கட் வந்த பெரிய அட்டைப்பெட்டி. மேலே ஒரு பழைய சேலை. அதை விலக்கினால் உள்ளே பூ. பெட்டி நிறைய ஈயத்தாள் பூ. தாளை ரிபன் ரிபனாக வெட்டி, ஓரத்தைக் கத்தரித்துச் சுருட்டி, கம்பியில் கட்டி, காம்புக்குக் கறுப்புக் குடைச் சீலை சுற்றியிருந்தது. நூறுக்குக் குறையாது. அடியில் நாலடி நீளத்துக்கு ஓர் அட்டை. அதில் தேயிலை விதைக்கு வெள்ளிப்பூச்சுப் பூசி ஒட்டி எழுதியிருந்தார்கள்: 30.

முப்பது. அவருடைய கடைசி நாள்.

இராமையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு பெரிய மனிதருக்குக் கண் கலங்கியது. அவர் பிறந்தநாளை யாரும் கொண்டாடியதில்லை, அவருக்கே அது சரியாகத் தெரியாது. பிடித்துக் கொடுத்திருக்கிறார், ஏசியிருக்கிறார், மழையில் நிறுத்தி வைத்து உதறச் சொல்லியிருக்கிறார். அவ்வளவையும் மறந்து, விரலை வெட்டிக்கொண்டு, இந்தப் பெண்கள் அவருக்காகப் பூ செய்கிறார்கள். அவர்களையா சந்தேகப்பட்டோம் என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டார். பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே தள்ளிவிட்டு, சேலையின் மடிப்புக்கூட மாறாமல் பார்த்துக்கொண்டார். தெரியாத மாதிரி இருந்தால்தானே அவர்களுக்குச் சந்தோசம்.

திங்கட்கிழமை டீமேக்கரிடம் போய் நின்றார். "அந்த ஆறு சாக்கும் எரிஞ்சிருச்சிங்க. அடுப்புக்காரன் சொல்ல மறந்துட்டான் போல. நான் நின்னு பாத்தேன்."

"நீங்க பாத்தீங்களா?"

"ஆமாங்க. ரெண்டு கண்ணாலயும்."

இராமையா சொன்னால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. டீமேக்கர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். முப்பத்தொரு வருடத்தில் வேலையைப் பற்றி இராமையா சொன்ன முதல் பொய் அது. நாக்கு கொஞ்சம் கூசியது, ஆனால் நெஞ்சு நிறைந்திருந்தது.

அன்று மாலை வரிசை வந்தபோது, "சரி சரி, போங்க," என்று கையை வீசினார். பெண்கள் நம்பவில்லை. இது என்ன புதுப் பொறி என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மெதுவாக நழுவினார்கள். தனலெட்சுமி மட்டும் நின்று, வழக்கம்போல முந்தானையை இரண்டு தடவை உதறிவிட்டுப் போனாள்.

முப்பதாம் தேதி வந்தது. மத்தியானம் ஸ்டோரில் ஒரு சின்னக் கூட்டம். டீமேக்கர் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார், நேர்மையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார், போனில் ஒரு படம் எடுத்தார்கள். ஆளுக்கொரு வடையும் தேநீரும். இராமையா சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு பூ இல்லை. பத்து நிமிடத்தில் எல்லோரும் கலைந்தார்கள். பரவாயில்லை, லயத்தில் வைத்திருப்பார்கள், இங்கே ஈயத்தாளைக் கொண்டுவந்து தொங்கவிட அவர்களுக்கு என்ன பைத்தியமா என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, கதிரையை வாசலுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தனலெட்சுமி வீட்டில் இல்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டியும் இல்லை. கூப்பிட ஆள் வரும். நாலு மணி ஆனது. நாலரை. பிள்ளைக்காம்பிரா பக்கமிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது, விசேசம் என்றால் அங்கேதான். கூப்பிட மறந்துவிட்டார்கள் பாவம் என்று எழுந்து, தானே நடந்தார்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கூரையிலிருந்து ஈயத்தாள் பூ சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய பேப்பரில் தோரணம், பேப்பர்த் தட்டில் கேக். சுவரில் அந்த அட்டை. ஆனால் அந்த '30' மேல், நாட்காட்டியில் முடிந்துபோன நாளை அடிப்பது போல, இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாகச் சிவப்பு ரிபனில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

நடுவில் ஸ்டோர்ப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எதிரே, போன வருடம் கிழிந்ததென்று அவர் ஒதுக்கிய காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஒருத்தி காவல் நின்றாள். தனலெட்சுமி.

"ம்ம், ஒதறு. இன்னொரு தரம் ஒதறு. டப்பாவத் தட்டு," என்றாள் அவள். அச்சு அசல் அவர் குரல்.

"இந்தக் கொண்டைய மட்டும் விட்டுருங்க ஐயா," என்று சிவசக்தி கொண்டையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து சுருட்டிய ஈயத்தாள் நீளமாக வந்து விழுந்தது. காம்பிரா முழுவதும் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார்கள். தனலெட்சுமி அப்படிச் சிரித்து இராமையா பார்த்ததே இல்லை.

முதலில் அவரைக் கண்டது சிவசக்தி. அவள் வாய் அடைத்ததும் ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

இராமையாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவமானத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், கையிலிருந்த ஒரே சீட்டை எடுத்துப் போட்டார். "டீமேக்கர்கிட்ட நான் பொய் சொன்னேன். ஆறு சாக்கும் எரிஞ்சிருச்சின்னு. இல்லாட்டி உங்க அத்தன பேருக்கும் இன்னிக்கு வேல இருக்காது."

சிவசக்தி தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணே, உள்ளுக்கு வாங்க. கேக் இருக்கு," என்றாள் சின்னக் குரலில்.

தனலெட்சுமி குனியவில்லை. "பெட்டிய இழுத்துப் பாத்தீங்க. சேலைய நீங்க மடிச்சா எனக்குத் தெரியாதா? பூவெல்லாம் உங்களுக்குன்னு நெனச்சிக்கிட்டீங்க, இல்லையா?"

இராமையாவின் பார்வை சுவரிலிருந்த அட்டைக்குப் போனது.

"வேற யாருக்காச்சும்னு தெரிஞ்சிருந்தா எழுதிக் குடுத்திருப்பீங்கதானே? என் பேரையும் சேத்து?"

இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். அவளுக்கும் அது தேவைப்பட்டதோ என்னவோ, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இராமையா வாயைத் திறந்தார். அந்த ஒரு பொய் மட்டும் வரவில்லை.

"குடுத்திருப்பேன்," என்றார்.

"தெரியும்," என்றாள் தனலெட்சுமி. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "சோறு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். போயி போட்டுத் தின்னுங்க. நான் வர நேரமாகும்."