நிக்கோலின் இடுப்புவார்

எனக்கு வாய் அதிகம் என்று இந்தத் தீவே சொல்லும். சொல்லட்டுமே, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிரசங்கம் நீளம், காலெல்லாம் மரத்துப்போகிறது என்று பாதிரியாரிடமே முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான். அவர் சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் அரைமணி நேரம் கூட்டிப் பேசினார்.

பார்லி அறுத்து முடித்த வாரத்தில்தான் அது நடந்தது. கடலம்மாவுக்கும் டெரனுக்கும் சண்டை மூளுகிற பருவம் அது. கோடை முழுக்க அவள் அந்த ராட்சசனைக் கடலடியில் கட்டிப்போட்டு வைத்திருப்பாள். குளிர் தொடங்கும்போது அவன் கட்டை அறுத்துக்கொண்டு மேலே வந்து அவளை அடித்துத் துரத்துவான். அதற்குப் பிறகு மார்ச் வரைக்கும் கடல் அவன் கையில். அவன் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கக் கூடாது. முழுகுகிறவனுக்குக் கை நீட்டினால் நீட்டினவனைக் கடல் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே பிள்ளைகளுக்கு இதுவும் தெரிந்துவிடும்.

என் புருஷன் பெயர் நிக்கோல். ஃபிளெட் என்பவரின் படகில் தண்டு வலிக்கிற ஆறு பேரில் அவன் ஒருவன். அன்றைக்கு ஒரு அலை பக்கவாட்டில் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனது. "விடுங்கடா, அது எடுத்துக்கிச்சு" என்று ஃபிளெட் கத்தியிருக்கிறார். நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிப்பி மட்டும் குனியவில்லை. பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, நிக்கோலின் இடுப்புவாரைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்துப் போட்டுவிட்டான்.

கிப்பி எங்களுக்கு அடுத்த வீடு. மறுநாள் விடிந்ததும் அவனுடைய இடத்தில் வேறு ஒருத்தனை உட்கார வைத்துவிட்டார் ஃபிளெட். எனக்கு வந்ததே கோபம்! நேரே கரைக்குப் போனேன். தூண்டில் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார் மனிதர்.

"ஏன் அண்ணே, எம் புருஷனக் காப்பாத்தினதுக்கு இதான் கூலியா?"

"மெரன், உன் ஆளு திரும்பி வந்துட்டான்ல? வாய மூடிட்டு சந்தோசமா இரு."

"கிப்பிக்கு மூணு புள்ளைங்க. படகு இல்லாம அவன் என்ன மண்ணையா திம்பான்?"

"அவன உள்ள வச்சா கடல் அவனோட சேத்து ஆறு பேரையும் இழுத்துக்கும். அதுக்கு ஒரு ஆளு பாக்கி நிக்குது."

"ஓஹோ! இந்த ஓட்டைப் படகு மேல கடலுக்கு அவ்வளவு ஆசையா? அடுப்பெரிக்கக் குடுத்தாகூட நான் வாங்க மாட்டேன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபிளெட் சிரிக்கவில்லை. வேறு எந்தப் படகிலும் கிப்பிக்கு இடம் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நிக்கோலைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தை பேசினியாய்யா நீ? உசிரு குடுத்தவன் அவன்."

"பேசல."

"அவன் ஏறுற படகுல நீ ஏறுவியா?"

"மாட்டேன்" என்றான்.

"நன்றி கெட்ட மனுசா!"

"நன்றி இருக்கு மெரன். பயமும் இருக்கு."

அவனோடு நான் நாலு நாள் பேசவில்லை. எனக்கு நாலு நாள் என்பது நாலு வருஷம்.

குளிர்காலம் முழுக்க ஒன்றுவிட்டு ஒருநாள் பார்லி ரொட்டியும் காய்ந்த மீனும் கிப்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் பெண்டாட்டி கிர்சி வாங்கிக்கொள்ளும்போதெல்லாம் கண்கலங்குவாள். கிப்பிதான் கேலி பேசிச் சமாளிப்பான். "கடல் வந்து கேட்டா எம் மாமியாரக் கூட்டிட்டுப் போன்னு சொல்லிருக்கேன். பாத்துட்டு அதுவே வேணாம்னுருச்சு" என்பான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்படிச் சிரிக்கும்போதே அவன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். இதெல்லாம் கிழட்டுக் கட்டுக்கதை என்று நான் சத்தமாகச் சொல்வேன், ஊருக்கே கேட்கட்டும் என்றுதான் சொல்வேன்.

மார்ச் பிறந்தது. கடலம்மா திரும்பி வந்து டெரனோடு மோதுகிற நாட்கள். அந்த நாட்களில் யாரும் கடலில் இறங்குவதில்லை. நாங்கள் எல்லோரும் கரையில் ஒதுங்கிய பாசியை வாரி வயலுக்குச் சுமந்துகொண்டிருந்தோம். கிப்பிக்கு வயல் எது? காலையில் காற்று கொஞ்சம் அடங்கினதைப் பார்த்து, சிங்கி இறால் கூடுகளைத் தூக்கிவருகிறேன் என்று தன்னுடைய சின்னப் படகில் தனியாகப் போனான். அவன் வீட்டில் மாவு தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் அந்த வாரம் ரொட்டி கொண்டுபோகவில்லை. என் சின்னவனுக்குக் காய்ச்சல்.

உச்சிவேளைக்குக் காற்று திரும்பியது. கிப்பியின் படகு பாறைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது, கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஒரு அலை தூக்கியது, அடுத்தது கவிழ்த்தது. கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினான். சிவப்புக் கம்பளித் தொப்பி பளிச்சென்று தெரிந்தது.

கரையில் எட்டு ஆண்கள் நின்றார்கள். ஒருத்தரும் அசையவில்லை. ஃபிளெட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார், உயிரோடு இருக்கிறவனுக்கு!

நிக்கோல் மட்டும் பாசி வாருகிற கவைக்கோலை வீசிவிட்டு ஓடினான். மணலில் கிடந்த எங்கள் சின்னப் படகுக்குத் தோள் கொடுத்தான். "ஒருத்தனாச்சும் வாங்கடா!" என்றான். ஒருத்தனும் வரவில்லை. தனியாளாகத் தள்ளினான், படகு ஒரு முழம் நகர்ந்தது.

நானும் ஓடினேன். தள்ளத்தான் ஓடுகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். பாதிவழி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் போனதும் என் கை அவன் கோட்டுக்குள் போய் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டது. என் சால்வை மேலே விழுந்து கையை மறைத்தது. ஆண்கள் எல்லோருக்கும் கண் கடலில் இருந்தது.

"போகாதய்யா" என்றேன் அவன் காதில். "அது மொதல்ல உன்னத்தான் கேட்டுச்சு. நமக்கு ரெண்டு புள்ளைங்க."

நிக்கோல் திரும்பி என்னைப் பார்த்தான். எருதுமாதிரி பலம் அவனுக்கு. ஒரு உதறு உதறியிருந்தால் நான் மணலில் போய் விழுந்திருப்பேன். அவன் உதறவில்லை. கட்டுக்கதை என்று சொன்னவள் எதற்குப் பிடித்தாய் என்று கேட்காதீர்கள். எனக்கு அன்றைக்குப் பயம் வந்தது, அவ்வளவுதான்.

கிப்பி இரண்டு தடவை கத்தினான். முதல் தடவை யாரையும் குறிப்பிடவில்லை. இரண்டாவது தடவை, "நிக்கோல்!" என்றான். கொஞ்ச நேரத்தில் படகின் முதுகு மட்டும் இருந்தது.

அவனுடைய துடுப்புகள் கரைக்கு வந்தன. ஃபிளெட் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி அவற்றை எடுத்துவந்தார். துடுப்பைக் கடல் கேட்கவில்லையாம், எடுத்துக்கொள்ளலாமாம். கிர்சி அப்போதுதான் மேட்டில் இருந்து விழுந்தடித்து ஓடிவந்தாள். படகில் தோளை வைத்தபடி அசையாமல் நின்ற நிக்கோலையும் பக்கத்தில் என்னையும் பார்த்தாள்.

மூன்றாம் நாள் ரொட்டி எடுத்துக்கொண்டு போனேன். நிக்கோல் ஒரு மூட்டை மாவைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான். கிர்சி அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"நீ உள்ள வராத. உன்ன இழுத்துப் போட்டவன் அவன். உம் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டானாம். கல்லு மாதிரி நின்னியாமே!"

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, இந்த ஊர்லயே நீ ஒருத்திதான் எங்களுக்காகப் பேசினவ. கடைசியிலயும் நீதான் படகத் தள்ள ஓடின. அந்தப் படகுகிட்ட நீ நின்னத நான் பாத்தேன்."

 நிக்கோலைப் பார்த்தேன். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன், சொல்லித் தொலைக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அவன் மூட்டையை இறக்கி வைத்தான்.

"ஆமா கிர்சி" என்றான். "அவ தள்ளத்தான் வந்தா. நான்தான் பயந்துட்டேன்."

அவன் போய்விட்டான். கிர்சியின் பிள்ளைகள் மூன்றும் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் உட்கார்ந்து அதைப் பிட்டுக் கொடுத்தேன். கடைசித் துண்டு தீரும்வரைக்கும் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.