பால் டின் சுற்றிய குழாய்

வசந்தனின் காருக்கு வயது பதினெட்டு. முன்சீட்டுகளுக்குக் கீழே, புகைக்குழாயின் இரண்டு துண்டுகள் சேரும் மூட்டு துருப்பிடித்து அரித்துப்போயிருந்தது. காரைக் கிளப்பினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு இரைச்சல். செனாயில் அவன் வேலைசெய்த தொழிற்சாலையில் மூன்று மாதமாக ஓவர்டைம் இல்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முழுக் குழாயையும் மாற்றச் சொல்வார்கள் என்று பயந்து, ஒரு சனிக்கிழமை காலை அவனே காருக்கு அடியில் படுத்தான். காலிப் பால் டின்னைக் கத்தரித்து, உள்ளே பசையைப் பூசி, மூட்டின்மேல் சுற்றி இரண்டு கிளிப் போட்டு இறுக்கினான். இரைச்சல் முக்கால்வாசி அடங்கிவிட்டது.

"பாத்தியா, எப்படி செஞ்சேன்!" என்றான் மனைவி பிரேமலாவிடம்.

ஞாயிறுதோறும் இருவரும் பெக்கோக்கில் தனியாக இருந்த அவனுடைய அப்பா காளியப்பனைப் பார்க்கப் போவார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். பிரேமலா நெத்திலி சம்பல் செய்து எடுத்துப்போவாள். மாமாவுக்குக் குனிய முடியாது என்பதால் அவருடைய கால் நகங்களையும் அவளே வெட்டிவிடுவாள். அவர் கூச்சத்தோடு, "போதும்மா, போதும்மா" என்றபடி இருப்பார்.

டின் சுற்றிய மறுநாள், யோங் பெங் ஊரைத் தாண்டியதும் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னமோ வாடை வருதுங்க. தலை பாரமா இருக்கு."

"செம்பனை எண்ணெ மில்லு வாடைதான்லா. இந்தப் பக்கம் எப்பவும் அப்படித்தானே."

அவள் பக்கத்துக் கண்ணாடி பல மாதங்களாக இறங்குவதில்லை. சிகரெட் பிடிப்பதற்காக வசந்தன் தன் பக்கக் கண்ணாடியை எப்போதும் இறக்கியே வைத்திருப்பான். அவனுக்கும் லேசாகத் தலை கனத்தது. ஷிப்ட் வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டான்.

அடுத்த வாரம் மாமா வீட்டு வாசலிலேயே அவள் வாந்தியெடுத்தாள். அதற்கடுத்த வாரம் திரும்பி வந்து பொழுது சாயும்வரை படுத்தே கிடந்தாள். நான்காவது ஞாயிறு, "நான் வரலைங்க, என்னால முடியல" என்றாள்.

"எங்கப்பா வீட்டுக்குன்னா மட்டும் உனக்குத் தலவலி வந்துருது. மார்க்கெட்டுக்குப் போறப்ப வரலையே?"

"பத்து நிமிஷத்துல போற எடமும் இதுவும் ஒண்ணா?"

அவன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பெக்கோக்கில் அப்பா காரின் இடப்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பிரேமா வரலையாப்பா?"

உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். கோபம் இன்னும் ஆறவில்லை. "அவளுக்கு இங்க வரப் பிடிக்கலப்பா" என்றான்.

காளியப்பன் காரின் கதவைச் சாத்தினார். பிறகு, "நான்தான் எதாச்சும் சொல்லியிருப்பேன். வயசாச்சு, வாய் நிக்க மாட்டேங்குது. மனசுல வச்சிக்க வேணாம்னு சொல்லு" என்றார்.

வசந்தன் அதைப் பிரேமலாவிடம் சொல்லவில்லை. அதன்பின் ஐந்து ஞாயிறுகள் தனியாகவே போய்வந்தான். ஆறாவது வாரம் புதன்கிழமை காலையில் அப்பா எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். குளிப்பாட்டும்போது வசந்தன் அவருடைய கால்களைப் பார்த்தான். நகங்கள் நீண்டு வளைந்திருந்தன.

கருமாதி முடிந்த மறுநாள் காலை மனைவியோடு காரில் திரும்பும்போது, யோங் பெங் அருகே டின் பிய்த்துக்கொண்டு தொங்கியது. இரைச்சல் தாங்கவில்லை. சாலையோரம் இருந்த, லெட்சுமணன் என்ற மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்பில் காரை நிறுத்தினான். லெட்சுமணன் காரை மேலே தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தம்பி, இத யாரு சுத்துனது?"

"நாந்தாண்ணே."

"சத்தத்தத்தான் கட்டியிருக்கீங்க. புகைய கட்டல." இடப்பக்கத் தரையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை ஒன்றைக் காட்டினார். சுற்றிலும் கரி அப்பியிருந்தது. "டின்னு இடுக்குல வர்ற புகை முழுக்க இதுக்கு நேரா திரும்பி உள்ள போயிருக்கு. இந்தப் பக்கம் யாரு உக்காருவாங்க? தலவலி, வாந்தின்னு எதுவும் சொல்லலையா? அலமாக், ஆளே போயிருக்கும்லா!"

பிரேமலா பின்னால்தான் நின்றிருந்தாள். வசந்தன் திரும்பவில்லை.

முழுக் குழாயையும் மாற்றத் தேவையே இருக்கவில்லை. அரித்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய மூட்டுத் துண்டை வெல்டிங் செய்து, புது கேஸ்கெட்டும் போல்ட்டும் போட்டார். தரை ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தார். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. வசந்தன் ஒரு மாதம் சிகரெட்டுக்குச் செலவழிப்பதைவிடக் குறைவாகவே கேட்டார்.

கார் சத்தமில்லாமல் ஓடியது. நெடுஞ்சாலையோர மச்சாப் ஓய்விடத்தில் வசந்தன் நிறுத்தினான்.

"பிரேமா, உன்ன நான் நம்பல. தப்புதான்."

"விடுங்க."

"அது மட்டுமில்ல. அப்பாகிட்ட ஒண்ணு சொல்லிட்டேன்." ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான். "உனக்கு அங்க வரப் பிடிக்கலைன்னு."

"மாமா என்ன சொன்னாரு?"

அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இழவு வீட்டில்கூட அப்படி அழவில்லை.

"அவரு என்னைய ஒரு வார்த்த சொன்னதில்லையே" என்றாள் கடைசியில். "நீங்க நம்பலைன்னாப் பரவால்ல. அவரையாச்சும் என்னைய நம்ப விட்டிருக்கலாம்."

இறங்கிப்போய்ச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் காரருகிலேயே நின்றான். அரை மணி நேரம் கழித்து அவளே எழுந்து வந்தாள்.

"போலாம்."

அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வசந்தன்தான் ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன், அப்பாவின் படத்துக்கு எதிரே நின்று, "அவளுக்கு உடம்பு சரியில்லப்பா, அதான் வரல" என்று தொடங்கினான். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அதற்குமேல் அவனால் சொல்ல முடியவில்லை.