ஒரு தாடிக்கு நான்கு ஓட்டு

பார்ட்லி கில்ஹூலியின் சவரக்கடைக்கு மூன்று வாசல் முன்னதாகவே புதுச் சாலை நின்றுவிட்டது. சேற்றுத் தெருவில் ஆறு வரைக்கும் மரக்கட்டை பதித்துச் சாலை போடுவதாகத்தான் பேச்சு. மீதிக் கட்டைகள் யார் வயிற்றுக்குள் போயின என்று கேட்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. மாதத்துக்கு ஒரு தெரு முளைக்கிற சிகாகோவில் இதெல்லாம் சகஜம்.

சாலை நின்ற இடம் ஃபெலிம் டான்ஸியின் மதுக்கடை. ஃபெலிம்தான் வட்டாரத்தின் கட்சித் தலைவன். வேலை வேண்டுமா, குளிருக்குக் கரி வேண்டுமா, அவனைத்தான் பார்க்க வேண்டும். பதிலுக்கு ஓட்டு. ஒருகாலத்தில் பார்ட்லியின் மனைவி டீலியாவைப் பெண் கேட்டவனும் அவன்தான்.

கடை வாசல் சேற்றைப் பார்ட்லி பொறுத்துக்கொண்டான். ஆனால் அக்டோபரில் ஒருநாள், டீலியா பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி சேற்றைக் கடந்து ஃபெலிமின் கடைக்குள் நுழைவதைக் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தான். நாற்காலியில் இருந்தவரின் காது மயிரிழையில் தப்பியது.

"எங்க போயிருந்தே?" என்றான் இரவு சாப்பாட்டில்.

"முட்டைக்கோஸ் வாங்க."

"சாராயக் கடையிலயா முட்டைக்கோஸ் விக்கிறான்?"

டீலியா உருளைக்கிழங்கை உரித்தபடியே சிரித்தாள். "உனக்கு மட்டும் எப்படித்தான் மூக்குல வேர்க்குமோ! தேர்தல் முடியட்டும், சொல்றேன்."

அந்தச் சிரிப்பு பார்ட்லியைத் தூங்கவிடவில்லை. ஃபெலிமுக்குத் தலை நிறைய முடி. தங்கச் சங்கிலி. வாசலில் எரிவாயு விளக்கு. தனக்கு என்ன இருக்கிறது? ஒரு கத்தி.

தேர்தல் நாளில் பார்ட்லியின் கத்திக்கு ஓய்வே இருக்காது. கோடையிலிருந்து தாடி வளர்த்த ஃபெலிமின் ஆட்கள் முதல் ஓட்டை முழுத் தாடியோடு போடுவார்கள். பிறகு பார்ட்லியிடம் வந்து முகவாயை மட்டும் மழித்து, கிருதாவோடு வேறு பெயரில் இரண்டாவது. கிருதாவை எடுத்துவிட்டு, வெறும் மீசையோடு மூன்றாவது. மொழுமொழுவென்று நான்காவது.

இந்தமுறையும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஃபெலிம் ஊற்றிய இலவச விஸ்கியில் பாதித் தூக்கம். பார்ட்லி சுடுதுண்டால் முகத்தை மூடினான். நுரை தடவினான். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். முகவாய், கிருதா, மீசை என்று எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே வழித்து எடுத்தான்.

மத்தியானம் ஃபெலிம் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"டேய் பார்ட்லி! என் கடை பூரா உரிச்ச முட்டையா உக்காந்திருக்குடா! ஒவ்வொரு மூஞ்சியிலயும் ரெண்டு ஓட்டைச் சிரைச்சுத் தள்ளிட்டியே, பாவி!"

"கத்தி நல்லாத் தீட்டியிருந்தேன். வழுக்கிடுச்சு."

ஃபெலிம் நிறுத்திய வேட்பாளன் தோற்றான். செய்தி கேட்ட டீலியா கடைக்குள் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"போன மாசம் சேத்துல விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டியே, அதுக்காகத்தான் அவன்கிட்டப் போனேன். தன் ஆள் ஜெயிச்சா உன் கடை வாசல் வரைக்கும் கட்டை பதிக்கிறேன்னான். முன்னாடியே சொன்னா வேணாம்னு குதிப்பே."

பார்ட்லி கத்தியை வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தான்.

"வேற எதுவும் கேக்கலையா அவன்?"

"கேட்டான். 'அந்த முசுடு உன்னை நல்லா வெச்சிருக்கானா'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"'அதை நான் பாத்துக்கறேன், நீ சாலையைப் பத்திப் பேசு'ன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பும்போது டீலியா புதுக் காலணியோடு வாசலில் நின்று இரு கைகளையும் நீட்டினாள்.

"என்ன?"

"வரவேண்டிய சாலையைச் சிரைச்சுத் தள்ளினது நீதானே? தூக்கு."

முட்டி வலிக்க வலிக்கத் தூக்கினான். சேறு கணுக்கால்வரை ஏறியது. மதுக்கடை வாசலில், காய்ந்த மரத்தரையில் நின்றிருந்த ஃபெலிம் சங்கிலியைத் திருகியபடி அவர்களையே பார்த்தான். அந்தப் பார்வை பார்ட்லிக்குப் பழக்கமானது. இத்தனை நாளும் சவரக்கண்ணாடியில் தன் முகத்தில் பார்த்த அதே பார்வை.

பார்ட்லி நடையின் வேகத்தைக் குறைத்தான். காலடியில் சேறு முடிந்து மரக்கட்டை தட்டுப்பட்டது.

"இறக்கு பார்ட்லி, சாலை வந்துடுச்சு," என்றாள் டீலியா அவன் காதோரம்.

"வரட்டும்," என்றான்.