தகரத்தில் கட்டிய ஏரியல்

நான் சரிசெய்து விற்ற வால்வு ரேடியோக்களில், வாங்கினவர் வீட்டில் பாடியது ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் நுவரெலியா ஹோட்டல்களில் பூச்சாடிக்குப் பக்கத்தில் ஊமையாக இருக்கின்றன. ஹோட்டல்களுக்குப் பழைய சாமான் பிடித்துக் கொடுக்கும் மேர்வின் மாதம் ஒருமுறை தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வருவான்.

"சோலமல, பாட்டு முக்கியமில்லப்பா. பெட்டி பளபளன்னு இருக்கணும். முன்னாடி கண்ணாடில லைட்டு எரியணும். வெள்ளக்காரன் பக்கத்துல நின்னு போட்டோ பிடிப்பான். அம்புட்டுதான்."

"அப்ப உள்ளுக்கு ஒரு பல்ப வச்சு மூடிட்டாப் போதுமே. நான் எதுக்கு?"

"நானும் அதத்தான் யோசிக்கிறேன். நீ ஒத்துக்க மாட்டியே."

உண்மைதான். பாடாத ரேடியோவை என் கையால் கொடுக்க எனக்கு மனம் வராது. கவ்வாத்து மலையில் தேயிலைச் செடியை வெட்டி முடித்து, இரண்டு மணிக்குக் கத்தியைக் கழுவி வைத்தால், பொழுது சாயும்வரை ஈயம் உருக்கிக்கொண்டிருப்பேன். இளவட்டத்தில் ஹட்டனில் ஒரு ரேடியோக் கடையைக் கூட்டித் துடைத்துக்கொண்டு மூன்று வருசம் இருந்தேன். அங்கே கற்ற வேலை.

எனக்கு அ, ஆ தெரியும் முன்னே இரண்டு இங்கிலீசு எழுத்து தெரியும். வால்வின் கண்ணாடியில் எழுத்து 'ஈ' என்று தொடங்கினால் பெட்டிக்குள் டிரான்ஸ்போமர் இருக்கும். உள் தகட்டைத் தொடலாம். 'யூ' என்று தொடங்கினால் டிரான்ஸ்போமர் கிடையாது. சுவரில் வருகிற கரண்ட் நேரே தகட்டுக்கு வரும். அதைத் தொட்டவனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். தமிழ் எழுத்தை நாற்பத்தொரு வயதில் கற்றேன். கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெனிதா டீச்சர் எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு டிஸ்பென்சரியிலோ ஆபீசிலோ நான் கைநாட்டு வைத்ததில்லை. யாராவது மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினால், பேனாவைக் கேட்டு வாங்குவேன். அதில் எனக்கு ஒரு திமிரே உண்டு.

வாங்கினவர் வீட்டில் பாடிய அந்த ஒன்று யூ எழுத்து ரேடியோ. பெட்டியின் ஒரு பக்கத்தை எலி தின்றிருந்தது. மேர்வின் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மேல் லயத்தில் ஐந்தாம் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், இருக்கும் நாகலெட்சுமிதான் கேட்டாள். புருசன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான்.

"அண்ணே, எலி தின்னா என்ன, பேசுதுல்ல? கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு வந்து கதவத் தொறந்தா வீடு மூஞ்சியில அடிக்குது. யாராவது பேசிக்கிட்டு இருந்தா அடுப்பாவது பத்த வைப்பேன்."

கொண்டுபோய் வைத்தேன். அந்த ரேடியோவுக்கு எட்டக்கூடியது திருச்சி நிலையம் ஒன்றுதான்; அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. ஏரியல் போதவில்லை. சின்ன வயதில் எல்லா லயத்திலும் பார்த்ததை நானும் செய்தேன். ரேடியோவின் ஏரியல் கம்பியைக் கூரைத் தகரத்தின் ஆணியில் சுற்றிக் கட்டினேன். பத்துக் காம்பராவுக்கும் ஒரே தகரக் கூரை. அதைவிடப் பெரிய ஏரியல் எங்கே கிடைக்கும்? அப்படியும் குரல் மெலிவாகவே வந்தது. ஏரியலுக்கும் தகட்டுக்கும் நடுவில் கரண்டைத் தடுத்து வைக்கிற சின்னக் கொண்டென்சர் ஒன்று உண்டு. அதைக் கழற்றிவிட்டு, செத்துப்போன வேறொரு ரேடியோவிலிருந்து பெரியதாக ஒன்றை எடுத்து வைத்தேன். திருச்சிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்தார். நாகலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் மறந்தது இதுதான். நான் சின்ன வயதில் பார்த்த ரேடியோக்கள் பற்றரியில் பாடியவை. அன்றைக்கு லயத்தில் கரண்டே இல்லை. தகரத்தில் கட்டியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஐந்து வாரம் கழித்து, மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். அதே லயத்தின் கடைசிக் காம்பராவில் என் கூட்டாளி இராமையாவும் அவன் பெண்சாதி சண்முகவடிவும். கூரைத் தண்ணீர் பிடிக்க இராமையா தகரப் பீலி ஒன்று மாட்டியிருந்தான். சண்முகவடிவு மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கைக் கூட அவிழ்க்காமல், வெறுங்காலோடு வாளியை வைத்துவிட்டுப் பீலியை நேராக்கக் கையை வைத்திருக்கிறாள். கையை எடுக்க முடியவில்லை. எடுத்துவிடப் போன இராமையாவையும் தூக்கி அடித்தது. யாரோ ஓடிப்போய் மெயினை இறக்கினார்கள். நான் கீழ் லயத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். உள்ளங்கையில் ஒரு கறுப்புக் கோடு. வேறு காயமே இல்லை.

நாகலெட்சுமி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "கடைசிவரைக்கும் ரேடியோ பாடிக்கிட்டுத்தானே இருந்துச்சு, அண்ணே. லைட்டு போனப்பதான் நின்னுச்சு. அவ சத்தம் போட்டது காதுல விழலையே!"

நான் கூரைத் தகரத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

பொலிஸ் வந்தது. கூரை மேல் ஒரு வயர் ஓடுவதைப் பார்த்தார்கள். மூன்றாம் காம்பராவில் இருக்கும் ஜீவராஜ், பின்னால் கக்கூசில் ஒரு பல்பு போட இழுத்த வயர் அது. தகரத்தின் விளிம்பு பட்டு ஒரு இடத்தில் மேல்தோல் கிழிந்திருந்தது; உள்ளே கம்பி வெளியே தெரியவில்லை. பெண்பிள்ளைகள் இருட்டில் விழாமல் போகட்டும் என்று போட்ட லைட்டு. அன்றைக்கே அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் சவம் எடுத்த பிறகு நான் நாகலெட்சுமியிடம் போனேன். "ரேடியோ கரகரங்குதுன்னியே, பாத்துத் தர்றேன்." அவள் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனாலும் கொடுத்தாள். வீட்டில் வைத்து மீட்டரைப் பிடித்தேன். நல்ல கொண்டென்சராக இருந்தால் முள் அசையக்கூடாது. இது கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. ஈரம் குடித்துச் செத்திருக்கிறது. சுவர்க் கரண்ட் தகட்டுக்கு, தகட்டிலிருந்து ஏரியலுக்கு, ஏரியலிலிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து பீலிக்கு. வழியை நான்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நானும் உள்ளே போவேன், வேலையில் பேர் வெட்டுவார்கள், காம்பராவும் போகும் என்று நினைத்தேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் இராமையா வந்து என் பக்கத்திலேயே நிற்பான். அது தாங்காமல்தான் நாலாம் நாள் ரேடியோவைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போனேன்.

எங்கள் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வேறு வேலையாக அங்கே வந்திருந்தார். எனக்குக் கடைத்தெருச் சிங்களம் வரும். கொண்டென்சரைச் சொல்லச் சிங்களம் வராது. வாக்குமூலம் எழுதும் பொலிஸ் சார்ஜன் அவரையே மொழிபெயர்க்கச் சொன்னார். நான் பெட்டியைத் திறந்து, விரலை வைத்துக் காட்டி, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

சார்ஜன் சிரித்தார். "ரேடியோ எக்கென் மினிஸ்ஸு மெரெனவத?" ரேடியோவால் மனுசன் சாவானா என்று கேட்கிறார்.

கண்டாக்கு ஐயா என் பக்கம் திரும்பினார். "சோலமல, அந்த வயர்ல கரண்ட் வந்துச்சா இல்லையா?"

"லைட்டுக்குப் போற வயர்ல கரண்ட் வரும்தானேங்க ஐயா. ஆனா அது..."

"சரி, சரி." வேகமாகச் சிங்களத்தில் சொன்னார். ஜீவராஜின் பேர் இரண்டு தடவை காதில் விழுந்தது. அவன்மேல் குற்றமில்லை என்றுதான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சார்ஜன் வட்ட வட்டமான சிங்கள எழுத்தில் ஒரு பக்கம் எழுதி முடித்தார்.

"அத்சனத, எங்கில்லத?"

கையெழுத்தா, விரலா என்கிறார். மைப்பெட்டியைத் திறக்கப் போனார். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"அத்சன, மாத்தயா," என்றேன். பேனாவை வாங்கி, கொம்பு, கால் ஒன்றும் விடாமல் என் பேரை எழுதினேன். சார்ஜன் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு முந்தி வந்த ஒரு கிழவர் கைநாட்டு வைத்திருந்தார். அவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினார்கள். எனக்கு வாசிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு எதற்கு வாசிப்பது?

ரேடியோவை அவர்கள் வாங்கி வைக்கவில்லை; அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு, நெஞ்சு லேசாகி வீட்டுக்கு வந்தேன். ஜீவராஜ் இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான், என்னைக் கூட்டிப் போக ஜீப் வரும் என்று காத்திருந்தேன். ஜீப்பும் வரவில்லை, அவனும் வரவில்லை. ஒரு மாதம் போனது. அவனுடைய பெண்சாதி தனுஷிகா கையில் ஒரு கடதாசியோடு என் வாசலில் வந்து நின்றாள். கொழும்பில் ஐந்து வருசம் கடையில் வேலை செய்தவள், சிங்களம் வாசிப்பாள்.

"உள்ளுக்கு வாம்மா."

"வரல்ல மாமா. லோயர் இதோட கொப்பி எடுத்துக் குடுத்தாரு. நீங்களே கேளுங்க." அவள் விரல் வைத்து வாசித்துத் தமிழில் சொன்னாள். "சோலமலை ரேடியோ வேல தெரிஞ்சவரு. ஜீவராஜ் இழுத்த வயர்ல கரண்ட் வந்துச்சுன்னு அவரு உறுதியாச் சொல்றாரு. ரேடியோ நல்ல நெலமையில இருந்துச்சு." நிறுத்தினாள். "அடியில இருக்கே, இந்தக் கையெழுத்து ஒங்களுதுதானே?"

"என்னுதுதான்."

"எங்க வீட்டுச் சோத்தத் தின்னுருக்கீங்க மாமா."

நான் சொன்னது வேறு என்றேன். அவள் நம்பவில்லை. நேராகக் கண்டாக்கு ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நீ சொன்னது எனக்கே வெளங்கலப்பா. வெளங்கினதச் சொன்னேன். ஒன்ன மாட்டிவிடக்கூடாதுன்னும் பாத்தேன்."

தனுஷிகா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, ரேடியோவைத் திறந்து கரண்டில் மாட்டி, டெஸ்ட்டரை ஏரியல் ஓட்டையில் வைத்தேன். டெஸ்ட்டருக்குள் சிவப்பாக எரிந்தது; அங்கே வரக்கூடாத கரண்ட். அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"நீங்களே எழுதுங்க," என்றாள். "தமிழ்ல, ஒங்க கையால. லோயர் சொன்னாரு, சத்தியக் கடதாசியாக் குடுத்தா கோர்ட்டுல எடுப்பாங்களாம்."

ஒரு பக்கம் எழுத எனக்குக் காலையிலிருந்து மத்தியானம்வரை ஆனது. அன்றைக்கு மலைக்குப் போகவில்லை. கையெழுத்துப் போடப் போனபோது அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. ஜேபீக்கு முன்னால கைநாட்டு வைங்க. கைநாட்டு வச்சா சட்டப்படி வாசிச்சுக் காட்டணும். நாலு பேரு காதுல விழட்டும்."

வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் எனக்கு இன்னொரு வழி தெரிந்தது. மறுநாள் இராமையாவிடம் போனேன். "கொட்டகலையில ஒரு கடதாசி வேல இருக்கு மச்சான். கூட வா." அவன் எதற்கென்று கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வேறொருவர் வாயால் அவன் கேட்கட்டும் என்றுதான் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜேபீ என்கிற சமாதான நீதவான் செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டரின் அறை கடைவீதியில் ஒரு பேக்கரிக்கு மேலே. தனுஷிகா முன்னமே வந்திருந்தாள். மாஸ்டர் கடதாசியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு. பிறகு ஏன் கைநாட்டு?"

"வாசிச்சுக் காட்டணுங்க."

அவர் சத்தமாக வாசித்தார். "இந்த ரேடியோ நான் செய்தது. ஏரியலைத் தகரத்தில் கட்டியது நான். கெட்டுப்போன கொண்டென்சரை வைத்தது நான். சண்முகவடிவு இறந்தது அதனால். ஜீவராஜின் வயரால் இல்லை. எனக்கு இது மறுநாளே தெரியும்." கீழே பேக்கரியில் யாரோ தட்டை அடுக்கும் சத்தம் கேட்டது. நான் இராமையாவைப் பார்க்கவில்லை. அவனுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

மாஸ்டர் வாசித்து முடித்தார்.

"அந்தப் பீலிய மாட்டினது நான்," என்றான் இராமையா. யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. "அவ வேணாம், வாளியக் கூரைக்கடியில வச்சாப் போதும்னா. நான்தான் கேக்கல. நான் மாட்டினதாலதான் செத்தான்னு முப்பத்தேழு நாளா..." நின்றான். பிறகு என்னைப் பார்த்தான். "மறுநாளே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"பெரட்டுல பக்கத்துலதானடா நின்ன."

எழுந்து போய்விட்டான். படியில் அவன் செருப்புச் சத்தம் கீழேவரை கேட்டது.

மாஸ்டர் மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். பெருவிரலை ஒற்றி வைத்தேன். கத்திப்பிடியும் ஈயச்சூடும் தின்ற விரல்; கடதாசியில் கறுப்பாக ஒரு பொட்டுத்தான் விழுந்தது.

"ரேகை தெரியல்ல. இன்னொரு தடவ வைங்க. அழுத்தி."

தனுஷிகா கடதாசியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தி வைத்தேன். ஜன்னல் வழியாக றோட்டு தெரிந்தது. எங்கள் தோட்டத்துக்குப் போகிற பஸ் வந்து நின்றது. இராமையா அதில் ஏறவில்லை. பஸ் போகிற பக்கமாக, ஓரத்தில், நடந்து போய்க்கொண்டிருந்தான்.