உலையின் நடுவில் இல்லாத குளிர்

கியர் நன்றாக இறுகியிருந்தது. அதுதான் ஹுமைராவுக்குப் புரியவில்லை.

உலையின் நடுவில் வைத்துச் சூடேற்றிய கியர் அது. சோதனை எந்திரத்தில் மூன்று முறை அழுத்திப் பார்த்தாள். கடினம் சரியாகவே வந்தது. ஆனால் கணினியில் அவளே வரைந்த படம், உலையின் நடுப்பகுதி வரை சூடு போதவில்லை என்றது. சூடு போதாத கியர் எண்ணெயில் முக்கினாலும் இறுகாது. ஆக, இரண்டில் ஒன்று பொய்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உலை ஆபரேட்டர் ஸ்டீவனை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரி கியர்களைச் சூடேற்றி இறுக்கும் தொழிற்சாலை. 2006இல் சில கியர்கள் கடினம் போதாமல் திரும்பி வந்தன. தர ஆய்வுப் பொறியாளரான ஹுமைரா உலையின் வெப்பத்தை அளந்தாள். நான்கு மீட்டர் நீள உலை. கதவுப் பக்கம் வெப்பம் அதிகம் மாறும் என்பதால், உலையைச் செய்தவர்கள் அங்கே நெருக்கமாகத் துளை விட்டிருந்தார்கள். கதவிலிருந்து 20, 40, 60 சென்டிமீட்டரில் வெப்பமானிகள். பிறகு 200இல் ஒன்று, 400இல் ஒன்று. அகலத்தில் மூன்று வரிசை.

முதலில் வரைந்த படம் தட்டையாக வந்தது. உயர அச்சு பூஜ்யத்தில் தொடங்கியதே காரணம். ஆயிரம் டிகிரி உயரத்துக்குள் 700க்கும் 860க்கும் உள்ள வித்தியாசம் சின்ன மேடாகத்தான் தெரியும். அச்சின் தொடக்கத்தை 650 ஆக்கினாள். கதவிலிருந்து நடுப்பகுதி வரை பெரிய சரிவு ஒன்று எழுந்து நின்றது. அந்தச் சந்தோஷத்தில் தூரத்தைக் காட்டும் மற்ற அச்சை அவள் பார்க்கவே இல்லை.

மீட்டிங்கில் மேலாளர் மணவாளன் திரையைக் காட்டினார். "இன்னா ஸ்டீவன், பாதி உலை சூடே ஏறல. நாஷ்டா துன்ற அவசரத்துல முன்னாடியே லோடு ஏத்திட்டியா?"

"சூடு ஏறிச்சுன்னு பச்ச லைட்டு வந்தப்புறம்தான் சார் கதவையே தொறந்தேன்."

"அப்ப மேடம் போட்ட படம் பொய் சொல்லுதா?"

ஸ்டீவன் ஹுமைராவைப் பார்த்தார். "மேடம் போட்டா சரியாத்தான் இருக்கும். எனக்கு இந்த மலையெல்லாம் தெரியாது சார்."

ஹுமைரா ஒன்றும் சொல்லவில்லை. அவளும் படத்தை நம்பினாள்.

இப்போது, கியரைச் சோதித்த பிறகு, படத்துக்கு எண்கள் கொடுத்த அட்டவணையைத் திறந்து எண்களை மறுபடி அடித்தாள். கடைசிப் பத்தியின் தலைப்பான 400இல் விரல் தவறி ஒரு பூஜ்யம் கூடிவிட்டது. உலை நாற்பது மீட்டர் ஆகிவிட்டது, படம் அசையவில்லை. ஹுமைரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எண்ணை அழித்துவிட்டு 'பின் சுவர்' என்று எழுதினாள். அப்போதும் அசையவில்லை.

மலை போல எழும்பும் இந்தப் பரப்புப் படத்துக்குத் தூரம் என்பதே தெரியாது. அட்டவணையில் எத்தனை பத்திகள் என்று மட்டும் பார்த்து, ஒவ்வொன்றையும் சம இடைவெளியில் நிறுத்திவிடுகிறது. 20க்கும் 40க்கும் நடுவில் எவ்வளவு இடமோ, அதே அளவு இடம்தான் 200க்கும் 400க்கும் நடுவில். கதவோரத்து அறுபது சென்டிமீட்டர் பாதி உலையாக நீண்டது இப்படித்தான். குளிர் கதவோரத்தில் மட்டுமே இருந்தது.

மணவாளனைக் கூட்டிப்போய்க் கதவைக் காட்டினாள். ஓரத்தில் சுற்றியிருந்த வெப்பம் தாங்கும் கயிறு கீழ்ப்பக்கம் தேய்ந்து, வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"அடச்சே," என்றார் மணவாளன். "அவன வரச் சொல்லும்மா."

போன் செய்தாள். "ஸ்டீவன் அண்ணா, நான் போட்ட படம்தான் தப்பு. உங்க மேல ஒண்ணும் இல்ல. சார் திரும்ப வரச் சொல்றாரு."

"அத்திப்பட்டுல சேந்துட்டேன் மேடம். கரண்ட் பிளான்ட் சாம்பல் லோடு ஏத்துறேன். இனிமே அங்க வந்து, அந்த ரூம்ல நின்னுக்கினு... வேணாம் மேடம். ஊட்ல மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் வேலைல ஏமாத்திட்டேன்னு அது நெனச்சினு கீது."

அவர் மனைவி சாராள் போனை வாங்கினாள். ஹுமைரா எல்லாவற்றையும் சொன்னாள்.

"இத அன்னிக்கே அந்த மீட்டிங்ல சொல்லி இருக்கலாமே மேடம்," என்றாள் சாராள்.

"அன்னிக்கு எனக்குத் தெரியலம்மா."

"தெரியலன்னாவது சொல்லி இருக்கலாம்."

போனை வைத்த பிறகு ஹுமைரா வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 20, 40, 60, 200, 400. மீட்டிங் அன்றும் இந்த எண்கள் படத்தின் அடியில், எல்லோர் கண்முன்னேயும் இருந்தன.

பிறகு படத்தைப் புதிதாக வரைந்தாள். சரிவு கதவோரமாக ஒடுங்கியது. இனி வரைபவர்களுக்காக அதன் மேலே எழுதினாள்: அளந்த இடங்கள் சம தூரத்தில் இல்லையென்றால், இருபது சென்டிமீட்டருக்கு ஒரு பத்தி என்று அட்டவணையை முதலில் அமைக்கவும். அளக்காத பத்திகளை இரு பக்கத்து அளவுகளிலிருந்து கணக்கிட்டு நிரப்பவும். உயர அச்சை 650இல் தொடங்கவும். அதற்குப் பிறகே படம் வரையவும்.