வெள்ளைத் தாளும் ஹிசாயோவின் முகமும்

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது, அதுவும் என் வரி அல்ல. பைனாகுலர் வாங்கும் ஆசையில், இணையத்தில் அந்தப் பித்துப் பிடித்தவர்கள் எழுதுவதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவர், விலை உயர்ந்த இரண்டு பைனாகுலர்களை வைத்துக்கொண்டு எதில் சிவப்பு தூக்கல், எதில் நீலம் மங்கல் என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டிருந்தார். நடுவில் இப்படி: 'இரண்டிலும் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே தெரிகிறது. மனைவியின் முகம் மட்டும் மஞ்சளடிக்கிறது. தோல் நிறத்தில் இரண்டுமே தோல்வி.'

அதற்குப் பிறகு அவர் எதுவுமே எழுதவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. பைனாகுலர் ஆசை போய்விட்டது, இந்தத் தொல்லை மட்டும் மிச்சம்.

2

முதல் தொடக்கம்: அரகாவா ஆற்றின்மேல் பனிக்காலச் சூரியன் பொன்னை உருக்கி

வேண்டாம். நிறத்தைப் பற்றிய கதையில் சூரியனுக்குப் பொன் பூசினால் இகாராஷியே என்னை அடிக்க வருவார். (இகாராஷி என்பது அந்த வரியை எழுதியவருக்கு நான் வைத்த பெயர். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பச்சிங்கோ சூதாட்டக் கடையில் தொலைக்கிற பொழுதை இவர் ஆற்றங்கரையில் தொலைக்கிறார்.)

இரண்டாம் தொடக்கம்: கரைமேல் இகாராஷி, மூன்றுகால் தாங்கியில் பைனாகுலரைப் பூட்டிக்கொண்டு நிற்கிறார். கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் அவர் மனைவி ஹிசாயோ, மார்புக்கு நேரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தபடி நிற்கிறாள். இருவர் காதிலும் கைப்பேசி. வீட்டுக்குப் புது பைனாகுலர் கண்ணாடி எது வந்தாலும் இதுதான் வழக்கம். வெண்மைக்குத் தாள், சிவப்புக்கு அவளுடைய குளிர்ச்சட்டை, தோலுக்கு அவள் முகம்.

இதுவே இருக்கட்டும். மூன்றாவது எழுத எனக்குத் தெம்பில்லை.

3

முதல் வரைவில் ஹிசாயோவைப் பொறுமைசாலியாக எழுதியிருந்தேன். பொய். இத்தனை வருஷம் தாள் பிடித்தவளுக்கு வாய் நீளாமல் இருக்குமா?

"இவ்ளோ வருஷமா பாக்கறீங்களே, நான் என்ன நிறம்னு இன்னுமா முடிவு பண்ணல?"

"பேசாத. தாள் ஆடுது."

"தாள் ஆடல. நான்தான் ஆடுறேன்."

கொஞ்ச நாளாகவே அவளுக்கு எதைச் செய்தாலும் அலுப்பு. மிசோ சூப்பின் வாசனை கிட்ட வந்தாலே குமட்டல். உடம்பெல்லாம் அரிப்பு. பனிக்கால வறட்சி என்று களிம்பு தடவிக்கொண்டாள்.*

* இதெல்லாம் இகாராஷிக்குத் தெரியுமா என்பதை முடிவு செய்ய நாளாயிற்று. தெரிந்தும் அவளைக் குளிரில் நிற்க வைத்தார் என்றால் கல்நெஞ்சர். ஒரே வீட்டிலிருந்தும் தெரியவில்லை என்றால், அதற்கு என்ன பெயர்?

4

முதல் கண்ணாடியில் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. கண்ணாடிதான் காரணம் என்றார். நீலத்துக்குப் பேர்போன இரண்டாவதை மாட்டினார். அதிலும் மஞ்சள். வெயில்தான் காரணம் என்று சொல்லப் பார்த்தார், ஆனால் தாள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"கமலா ஆரஞ்சு நிறைய தின்னியா?"

பனிக்காலத்தில் பெட்டி பெட்டியாக வாங்கித் தின்று உள்ளங்கை மஞ்சளாவது இங்கே வீட்டுக்கு வீடு நடக்கிற கேலிக்கூத்து.

"பெட்டிய இன்னும் பிரிக்கவே இல்ல. வாய்க்கு எதுவும் பிடிக்கலன்னு சொன்னேனே."

சொன்னாள்தான். அப்போது அவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் எனக்கு இந்த மனிதர்மேல் கோபம் வருகிறது. உடனே பாவமாகவும் இருக்கிறது.

5

முடிவு அ: அவளிடம் ஓடுகிறார். மருத்துவமனை. பித்தப்பைக் கல்தான், எடுத்துவிடுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். எனக்கே ஆறுதலாக இருந்தது, அதனால் நம்ப முடியவில்லை.

முடிவு ஆ: வீட்டுக்குப் போய் அந்த வரியை எழுதுகிறார். பழியைக் கண்ணாடிமேல் போட்டுவிட்டால் வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை. வசந்தம் வருவதற்குள் ஹிசாயோ

இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.

6

பழம் தின்றால் தோல் மட்டும்தான் மஞ்சளாகும்; கண்ணின் வெள்ளையும் மஞ்சளானால் அது காமாலை. இது இகாராஷிக்குத் தெரியும். ஹிசாயோவோ எதிர்வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"ஹிசாயோ, கண்ண நல்லாத் தொற. என்னையே பாரு."

"இது புதுசா இருக்கே," என்று சிரித்தபடி திறந்தாள்.

அவர் குமிழை மெல்லத் திருகினார். அவள் கண்கள் துல்லியமாக அருகே வந்து நின்றன. உலகத்திலேயே நிறம் பிசகாத கண்ணாடிக்காக இத்தனை காலம் அலைந்தவர், தன் கையில் இருப்பது ஒரு மட்டமான கண்ணாடியாக இருக்கக்கூடாதா என்று முதல்முறையாக ஏங்கினார்.

"என்னங்க, சத்தத்தையே காணோம். இன்னும் நிக்கணுமா, வரட்டுமா?"

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கைப்பேசியைக் காதில் வைத்தபடி அவள் காத்திருக்கிறாள். நீங்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.